ஒரு முழுச் சுத்து

முப்பத்தோரு வருஷம் மைசூரில் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வலது முட்டி தேய்ந்ததும் அந்த வேலையால்தான், ஆபரேஷனுக்குப் பிறகு நான் செய்த திருட்டுத்தனமும் அந்த வேலையில் கற்றதுதான்.

முட்டி மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் இப்போதெல்லாம் எங்கள் விஜயநகர் வீட்டுக்கு வந்து, "வலிக்குங்களா?" என்று கேட்கிறார்கள். வலிக்கும். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும், அதற்காக உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. வலி போன பிறகு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் எழுத வேண்டும். இரண்டாவதில் நான் நல்ல தேர்ச்சி.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு கறுப்பு சைக்கிள் வாங்கினேன். உயரமான சைக்கிள், பின்னால் அகலமான கேரியர், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிற பழைய காலத்து ஸ்டாண்ட். லட்சுமிபுரம், சரஸ்வதிபுரம், சாமுண்டிபுரம் எல்லாம் அதில்தான். அந்தக் காலத்தில் மீட்டர் பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு ஒழுங்கு கிடையாது. ஒரு வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும், குந்தி உட்கார வேண்டும். அடுத்த வீட்டில் நிலைக்கு மேலே இருக்கும், ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஒரு நாளைக்கு நூறு வீட்டுக்கு மேல் இப்படி உட்கார்ந்து எழுந்தால் எந்த முட்டிதான் தாங்கும்?

கல்யாணமாகி சரசு மைசூர் வந்தபோது அவளுக்குக் கன்னடம் அரைகுறை. அனூர்ப் பக்கத்துப் பெண், கொள்ளேகாலைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேரியரில் ஒருச்சாய்த்து உட்காரவைத்து குக்கரஹள்ளி ஏரிக்குக் கூட்டிப் போவேன். ஒவ்வொரு திருப்பத்திலும் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இப்ப எங்கீங்க இருக்கோம்?" என்பாள். நான் தெருப் பேரைச் சொல்லி, எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோர் கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே மிதிப்பேன். இடது பக்கம் பார்த்தே உட்கார்ந்திருப்பதால் போகும்போது தெருவின் ஒரு வரிசை வீடுகள்தான் அவளுக்குத் தெரியும். மறுவரிசை திரும்பி வரும்போது. "பாதி மைசூரப் போறப்பவும் பாதி மைசூர வர்றப்பவும் காட்டுனீங்க" என்று இன்றைக்கும் சொல்லுவாள். 

ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஓடியது. சைக்கிளில் கடைக்குப் போவேன், வருவேன். பிறகு ஒருநாள் படி இறங்கும்போது முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தைலம், பெல்ட், சுடுமணல் ஒத்தடம், யாரோ சொன்ன கசாயம் எல்லாம் ஆயிற்று. காலும் வில்லாக வளைந்துவிட்டது. என் மகள் கவிதாதான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். டாக்டர் சொன்னதை எனக்கு இரண்டு பாஷையிலும் சொன்னாள், எனக்கு இரண்டிலுமே புரியவில்லை.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் காட்டினார். தொடை எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி தெரிய வேண்டுமாம், அங்கேதான் மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கிறது. எனக்கு அந்தக் கறுப்பே இல்லை. எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டு உரசுகின்றன. முட்டியை மாற்றுவது என்றால் முழுசாக வெட்டி எடுத்துவிட்டு வேறொன்று வைப்பது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு எலும்பின் முனையையும் சீவிவிட்டு உலோகத்தில் தொப்பி போடுகிறார்கள், நடுவில் கெட்டிப் பிளாஸ்டிக் வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?"

"ஆபரேஷன் நான் பண்ணுவேன், முட்டியை வளைக்கறது உங்க வேலை. நூத்திப் பத்து டிகிரி வளைஞ்சா பெடல் ஒரு முழுச் சுத்து சுத்தும். வளையலைன்னா பாதியில நின்னுடும்" என்றார்.

நூத்திப் பத்து. எண் என்றால் எனக்கு மறக்காது. சரசு வெளியே வந்ததும், "சைக்கிளா? இந்த வயசுலயா? உங்களுக்கு எல்லாமே விளையாட்டு" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் சொல்லவில்லையே தவிர, இன்னொரு தடவை அவளை ஏரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அதுவும் சைக்கிளோடு போக வேண்டும் என்பதுதான் என் மனசில் இருந்தது. ஆட்டோவில் போனால் அது வேறு ஏரி.

ஆபரேஷன் அன்றைக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். வலி இல்லை, ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. நடுவில் திரை. அந்தப் பக்கம் டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம். பக்கத்து வீட்டில் யாரோ மீட்டர் போர்டு அடிக்கிற மாதிரி இருந்தது. அடிபடுவது என் கால் என்று நினைவு வர ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்கு முன்னால், தேட்டர் கதவு சாத்துகிற வரைக்கும் சரசு ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நர்ஸ் அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ஐந்து நாளை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் அனூரிலிருந்து மாதப்பன் என்ற விவசாயி. எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன், அவருக்கு இடது கால், எனக்கு வலது. "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு மனுசனுங்க" என்பார். வருஷா வருஷம் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போகிறவர். இரண்டு வருஷமாக பஸ்ஸில் போனதைச் சொல்லும்போது, ஏதோ சாமியை ஏமாற்றிவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

மறுநாளே எழுப்பி நிற்கவைத்துவிட்டார்கள். உயிர் போய் உயிர் வந்தது. ஷில்பா என்று ஒரு பிசியோதெரபிப் பெண், எல்லாரையும் அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டே கொல்லுவாள். மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையில் இழுத்து இழுத்து உட்காருகிற பக்கம் கொண்டுவர வேண்டும். அப்போது முட்டி வளையும். பள்ளிக்கூடத்துக் கோணமானியில் இரண்டு ஸ்கேலை ஒட்டவைத்த மாதிரி ஒரு கருவியை முட்டியோரம் வைத்து, "அங்கிள், நாற்பது" என்பாள். நான் உடனே, "மாதப்பனுக்கு எவ்வளவு?" என்று கேட்பேன். மீட்டர் பார்க்கிறவனுக்குப் பக்கத்து வீட்டு ரீடிங்கும் தெரியாவிட்டால் தூக்கம் வராது.

மாதப்பன் ஒவ்வொரு தடவை காலை இழுக்கும்போதும், "உகே மாதப்பா!" என்று மாதேஸ்வரனுக்கு வார்டே அதிர ஜே போடுவார், அவருக்கு வைத்திருப்பதும் அந்தச் சாமி பேர்தான். சாமி பெயரைச் சொல்லித்தான் எண்ணிக்கை. மூன்றாம் நாள் எதிர்க் கட்டில்காரரும் சேர்ந்துகொண்டார். நர்ஸ் வந்து அதட்டினால் குரலைக் குறைத்து உதட்டை மட்டும் அசைப்பார்கள். சரசு ராகிக் களியும் கீரைக் குழம்பும் எடுத்து வருவாள், மாதப்பனுக்கும் சேர்த்து. டிஸ்சார்ஜ் அன்று கவிதா பில்லை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "எவ்வளவும்மா?" என்றேன். "உங்க மீட்டர் இல்லப்பா அது" என்றாள். இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஷில்பா கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். காலை, மத்தியானம், சாயங்காலம், ஒவ்வொரு வேளைக்கும் முப்பது தடவை. செய்ததை எழுத வேண்டும், முட்டி எவ்வளவு வளைகிறது என்று ஒரு உத்தேசமும் எழுத வேண்டும். ஆறு வாரம் கழித்து அந்தத் தாளோடு வர வேண்டும்.

முதல் வாரம் யோக்கியமாகச் செய்தேன். இரண்டாவது வாரம் வீக்கம், எரிச்சல், முட்டிக்குள் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வலி. முப்பது இருபதாயிற்று, இருபது பத்தாயிற்று. ஆனால் கட்டம் காலியாகக் கிடந்தால் என் கை சும்மா இருக்குமா?

இங்கேதான் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு பூட்டியிருந்தால் மீட்டர் ரீடர் என்ன செய்வான்? போன மூன்று மாதத்துக் கணக்கைக் கூட்டி மூன்றால் வகுத்து சராசரியை எழுதுவான். அது சட்டம். ஆனால் வீடு திறந்திருந்து, உள்ளே நாய் மட்டும் குரைத்தால்? அதற்கும் நான் பூட்டு என்றே எழுதியிருக்கிறேன். சாமுண்டிபுரத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டில் இப்படி ஒரு வருஷம் எழுதினேன். கடைசியில் ஒரே மாதத்தில் மொத்தமாக பில் ஏறி, அந்தம்மா ஆபீசுக்கு வந்து என்னைத் தேடிப் பிடித்தார். திட்டவில்லை. "நாயைக் கட்டிப் போடறேன், நீங்க வந்து பாருங்க" என்றார், அவ்வளவுதான். எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. அதிலிருந்து ஒழுங்காகத்தான் இருந்தேன், ரிட்டயர் ஆகும்வரை.

ரிட்டயர் ஆன பிறகு, என் முட்டி விஷயத்தில், பழைய புத்தி வந்துவிட்டது. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே சராசரி போட்டு எழுதினேன். நேற்று தொண்ணூறு, இன்றைக்குத் தொண்ணூற்று இரண்டு, நாளைக்குத் தொண்ணூற்று மூன்று. சந்தேகம் வரக் கூடாதென்று நடுவில் ஒருநாள் ஒரு டிகிரியைக் குறைத்துக்கூட எழுதினேன். அனுபவஸ்தன் அல்லவா! மாதப்பன் வாரம் ஒருமுறை போன் பண்ணி, "எத்தன ஆச்சுங்ணா?" என்பார். "நூறு" என்பேன். "எனக்கும் நூறுதானுங்க" என்பார். அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று எனக்கு உள்ளுக்குள் புகையும்.

ஆறு வாரம் ஆயிற்று. ஷில்பா தாளைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "நூற்றெட்டா! சூப்பர் அங்கிள்" என்றாள். பிறகு கருவியை முட்டியில் வைத்தாள். எடுத்து, திரும்ப வைத்தாள். சிரிப்பு போய்விட்டது. எழுபத்திரண்டு.

"அங்கிள், பொய் சொல்றது தாளா, முட்டியா?" என்று கன்னடத்தில் கேட்டாள். நான் வீக்கம் என்றேன், குளிர் என்றேன், அவள் கருவி பழசு என்றேன். டாக்டர் வந்து முட்டியைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். கூரையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளே தழும்பு நார்நாராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். அசைக்காத முட்டியில் அப்படித்தான் ஆகுமாம். இன்னும் மூன்று வாரம் பார்ப்பார், வளையவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து, கையால் அழுத்தி, அந்த நாரைப் பிய்த்து வளைக்க வேண்டியிருக்கும். எப்போதாவது எலும்பு விரிசல் விடுவதும் உண்டு. "அதைச் செய்யாம இருக்கணும்னா எனக்கு நிஜம் தெரியணும். தினமும் எத்தனை பண்ணினார்?" என்று சரசுவைப் பார்த்துக் கேட்டார்.

சரசு மாத்திரைச் சீட்டு வைத்திருந்த பையிலிருந்து இரண்டு காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். எங்கள் சமையலறைக் காலண்டர். பால் கணக்கு எழுதுகிற கட்டத்தில், பாலுக்குப் பக்கத்தில், பென்சிலால் சின்னச் சின்ன எண்கள். இருபத்தாறு. பதினொன்று. நான்கு. அப்புறம் வரிசையாக முட்டை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் என் கட்டில் தெரியும், அது எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் ஆபீசில் மீட்டர் ரீடர் எழுதினது சரிதானா என்று பின்னாலேயே ஒருவர் போய்ப் பார்ப்பார். முப்பத்தோரு வருஷத்தில் அவர்களிடம்கூட நான் இப்படிக் கையும் களவுமாக மாட்டியதில்லை.

ஆட்டோவில் வரும்போது எனக்கு அவமானம், அதைவிடக் கோபம். "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே? அன்னைக்கே ரெண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்ல?" என்று கத்தினேன். தப்பு என்னுடையது, கத்தலும் என்னுடையது.

அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள். "தேட்டருக்குள்ள உங்களக் கொண்டு போனப்ப, திரும்பி வந்தாப் போதும் சாமின்னு மட்டுந்தானுங்க வேண்டுனேன். கால் வளையணும்னு வேண்ட மறந்து போச்சு. வந்துட்டீங்க. நீங்க வலியில மூஞ்சியச் சுளிக்கறப்ப, செஞ்சே ஆகணும்னு சொல்ல எனக்கு வாய் வரல. சரி, எழுதியாவது வெப்போம்னு எழுதுனேன்."

ஆட்டோ சிக்னலில் நின்றது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வழி சொன்னது ஷில்பாதான். பெடலை மிதித்தால் முட்டி தானாகப் பழகும், மிஷின் வேண்டாம், சைக்கிள் இருந்தால் ஸ்டாண்ட் போட்டு வையுங்கள், சீட்டை நன்றாக உயர்த்திவிடுங்கள், வாரா வாரம் கொஞ்சம் இறக்குங்கள் என்றாள். கவிதா மாடிப்படிக்கு அடியிலிருந்து சைக்கிளை இழுத்து வந்து துடைத்து, வாசற்படியை ஒட்டி நிறுத்தினாள். படிமேல் நின்று, கவிதா தோளைப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திறக்கிற மாதிரி காலை வீசி ஏறினேன். ஏறினதும் சைக்கிள் முன்பக்கம் ஆடியது. பின்னால் கனம் வேண்டும்.

"நான் உக்காரட்டுங்களா?" என்றாள் சரசு.

சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தக் காலத்து மாதிரியே ஒருச்சாய்த்துக் கேரியரில் உட்கார்ந்தாள். சைக்கிள் அசையாமல் நின்றது. "முன்னைக்கு இப்ப நல்ல கனந்தான்" என்றேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

பெடல் பாதிக்கு மேல் வரவில்லை. முன்னால் பாதி, பின்னால் பாதி, ஊஞ்சல் மாதிரி ஆட்டத்தான் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் மேலே வரும்போது முட்டி நெருப்பாக எரியும். ஐந்தாவது தடவையே இறங்கிவிடலாம் என்றிருந்தது. அப்போது பின்னாலிருந்து கேட்டாள். "இப்ப எங்கீங்க இருக்கோம்?"

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "லட்சுமிபுரம். இடது பக்கம் மோர் வீடு" என்றேன். இன்னும் பத்துத் தடவை ஆட்டினேன். "இப்ப?" "வக்கீல் வீடு தாண்டியாச்சு. நாய் வீடு வரப்போவுது, காலைத் தூக்கிக்க." அவள் நிஜமாகவே காலைத் தூக்கிக்கொண்டாள்.

தினமும் மூன்று வேளை அப்படிப் போனோம், எங்கள் காம்பவுண்டுக்குள் நின்ற இடத்திலேயே. அந்த நாட்களில் பழைய மைசூரில் நாங்கள் போகாத தெரு இல்லை. செத்துப்போனவர்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். அபார்ட்மெண்ட்டாகிவிட்ட வீடுகளிலெல்லாம் பழைய மீட்டர்ப் பெட்டி அதே இடத்தில் இருந்தது. வலியில் நான் நிறுத்தும்போதெல்லாம் அவள் எங்கே இருக்கிறோம் என்று கேட்பாள், நடுத்தெருவில் அவளை எப்படி விடுவது என்று மறுபடி மிதிப்பேன். சாமுண்டிபுரம் டீச்சரம்மா வீடு வந்த அன்றைக்கு அந்தக் கதையையும் அவளிடம் முதல்முறையாகச் சொல்லிவிட்டேன்.

மாதப்பனுக்கும் போன் போட்டேன். "அண்ணே, நான் சொன்ன நூறு பொய்" என்றேன்.  "நானுந்தானுங்ணா. ஒரு பதினஞ்சு சேத்துத்தான் சொன்னனுங்க. உங்களுக்கு நூறுன்னு கேட்டுப்போட்டு நான் எப்படிங்க கொறச்சுச் சொல்றது?" என்று சிரித்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில் டாக்டர் பார்த்து, மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது எதிர்த் தெரு பால் பூத்துக்குச் சைக்கிளில்தான் போகிறேன். ஏரிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தே போய் வந்தோம், கேரியரில் ஆள் ஏற்றக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆனால் என் மனசில் நிற்கிற நாள் அதற்கெல்லாம் முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று சாயங்காலம் சரஸ்வதிபுரம் தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, ஏரிக்குப் போகிற கடைசித் திருப்பத்தில் இருந்தோம். "இப்ப எங்கீங்க இருக்கோம்?" "இன்னும் ஒரு மரம், அப்புறம் தண்ணி தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். முட்டிக்குள் ஏதோ இளகியது. பெடல் மேலே வந்து, ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் விழுந்தது. சங்கிலி கடகடவென்று ஓடி, பின்சக்கரம் காற்றில் சுற்றியது.

"சரசு! சரசு, சுத்திடுச்சு!" என்று கத்தினேன்.  திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம், காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "தண்ணி தெரியுதுங்க" என்றாள்.

மறுபடி அழுத்திப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான். இறங்கி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், காலண்டருக்கு முன்னால் நின்று பென்சிலை எடுத்தேன். சந்தோஷத்தில் கை பழக்கத்துக்குப் போனது. ரெண்டு சுத்து என்று எழுதலாமா, ரெண்டேகால்தான் இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது, மறைக்க என்ன இருக்கிறது. சரசு பக்கத்தில் வந்து நின்றாள்.

பென்சிலை அவளிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பாலுக்குப் பக்கத்தில், அழுத்தி, ஒன்று என்று எழுதினாள்.